ஊஞ்சலில் ஆடினால் பட்டன் போட வருமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஏழரை வயதுப் பையன். வாய் ஓயாமல் பேசுவான், கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வான். ஆனால் சட்டைப் பட்டன் போடக் கால் மணி நேரம் ஆகிறது. ஷூ லேஸ் கட்ட வரவில்லை. டம்ளரை எடுத்தால் தண்ணீர் கொட்டுகிறது. பந்தைப் பிடிக்கத் தெரியவில்லை. எழுதியதை அவனாலேயே திரும்பப் படிக்க முடியவில்லை. மருத்துவர் பரிசோதித்துவிட்டு டி.சி.டி. என்று சொல்லி தெரபிக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு மையத்தில் சென்சரி இன்டெக்ரேஷன் என்று ஊஞ்சல், பெரிய பந்து, கை காலில் பிரஷ் தேய்ப்பது என்கிறார்கள். இன்னொரு இடத்தில் தசைக்கு வலு ஏற்ற வேண்டும் என்கிறார்கள். மூன்றாவது இடத்தில் பட்டனையும் எழுத்தையும் நேரடியாகவே சொல்லித்தருவோம் என்கிறார்கள். எங்கே சேர்ப்பது? இதுதான் நீங்கள் கேட்டது.

என் பதில், மூன்றாவது இடம். பையன் எதைச் செய்யத் தடுமாறுகிறானோ அதையே அவனுக்குப் பிடிபடுகிற மாதிரி பிரித்து, அதையே பழக்கி, வீட்டிலும் பள்ளியிலும் நிலைக்கவைக்கிற தெரபிதான் இன்றைக்கு இருக்கும் ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபியில், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையில், பல வருடங்களாக இருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் ஊஞ்சல் கட்டித்தான் வேலை செய்தேன். ஏன் மாறினேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

டி.சி.டி. என்பது டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிசார்டர் என்பதன் சுருக்கம், அதாவது உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிறு வயதிலிருந்தே இருக்கும் சிரமம். டிஸ்ப்ராக்ஸியா என்றும் சொல்வார்கள். 1962-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இந்தக் குழந்தைகளைப் பற்றித் தலையங்கம் எழுதியது. அன்று அவர்களுக்கு வைத்த பெயர் ஏறக்குறைய 'தத்துப்பித்துக் குழந்தைகள்' என்கிற தொனியில் இருந்தது, நல்லவேளையாக அது நிலைக்கவில்லை. இப்போதைய பெயர் 1987-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம்பிடித்தது. பள்ளி வயதுக் குழந்தைகளில் 100-க்கு 5 அல்லது 6 பேருக்கு இது இருக்கிறது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதாவது, எந்த வகுப்பறையை எடுத்தாலும் ஒருவராவது இருக்க வாய்ப்பு உண்டு. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம். குறைமாதத்தில், மிகக் குறைந்த எடையோடு பிறந்தவர்களிடம் இன்னும் அதிகம்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று புரிந்தால் தெரபியைத் தேர்வு செய்வது எளிது. உங்கள் பையனுக்குத் தசையில் கோளாறு இல்லை. அறிவிலும் குறை இல்லை. நாம் தண்ணீர் நிறைந்த டம்ளரை எடுக்கப் போகும்போது, கை அதைத் தொடுவதற்கு முன்பே மூளை ஒரு கணக்குப் போட்டுவிடுகிறது: இவ்வளவு கனம் இருக்கும், இவ்வளவு விரல் விரிய வேண்டும், இந்த வேகத்தில் தூக்க வேண்டும். கணக்கு சற்றுப் பிசகினாலும் நடுவழியிலேயே திருத்திக்கொள்கிறோம், நமக்கே தெரியாமல். இந்தக் குழந்தைகளிடம் அந்த முன்கணிப்பும் உடனடித் திருத்தமும் மந்தமாக இருக்கின்றன என்பதுதான் ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். நாம் பேசிக்கொண்டே பட்டன் போடுகிறோம். அவனுக்கு ஒவ்வொரு பட்டனும் புதிது, ஒவ்வொரு முறையும் முழுக் கவனமும் அதிலேயே போகிறது. அதனால்தான் காலையில் 'சீக்கிரம், சீக்கிரம்' என்றால் இன்னும் தாமதமாகிறது. சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால், அவர்களையே கனமான கையுறை மாட்டிக்கொண்டு சட்டைப் பட்டன் போடச் சொல்லிப் பாருங்கள். ஆசிரியர்களுக்கு விளக்க நான் செய்கிற வழி அதுதான்.

தெரபிக்கு முன்னால் ஒரு விஷயம். மருத்துவர் பார்த்துவிட்டார் என்கிறீர்கள், சரி. இருந்தாலும் சிலவற்றை நீங்களும் கவனியுங்கள். முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றை இப்போது செய்ய முடியாமல் போவது, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பலவீனமாக இருப்பது, தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி ஊன்றி ஏறுவது, கெண்டைக்கால் வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருப்பது, தடுமாற்றம் மாதா மாதம் கூடிக்கொண்டே போவது. இவற்றில் ஏதாவது இருந்தால் அது டி.சி.டி. மாதிரி இல்லை. தசைச் சிதைவு நோய், பெருமூளை வாதம், வேறு நரம்புப் பிரச்சினை இருக்கிறதா என்று குழந்தை நரம்பியல் மருத்துவர் பார்த்தாக வேண்டும். டி.சி.டி. சிறு வயதிலிருந்தே இருக்கும், மோசமாகிக்கொண்டே போகாது. கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். பந்து கண்ணுக்குத் தெரியாதவனை, பந்தைப் பிடிக்க வரவில்லை என்று தெரபிக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை.

அவனுக்கு எடுத்திருக்கும் டெஸ்ட் பெரும்பாலும் மூவ்மென்ட் ஏ.பி.சி. ஆக இருக்கும். கை நுணுக்கம், எறிதல் பிடித்தல், சமநிலை என்று மூன்று பகுதிகள். அதே வயதுள்ள 100 பேரை வரிசையில் நிறுத்தினால் இவன் எத்தனையாவது என்று சொல்லும். கடைசி 5 பேருக்குள் வந்தால் தெளிவான சிரமம், அதற்கு மேலே 15 வரை இருந்தால் கவனித்துக்கொள்ள வேண்டிய இடம். மதிப்பெண் மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கையும் பள்ளி வேலையும் பாதிக்கப்பட்டிருந்தால்தான் டி.சி.டி. என்று சொல்வார்கள். ஐந்து வயதுக்கு முன்னால் பொதுவாக உறுதி செய்வதில்லை, ஏனென்றால் அந்த வயதில் குழந்தைகள் தானாகவே எட்டிப் பிடித்துவிடுவதும் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை: இந்த டெஸ்ட் நோயைக் கண்டறியத்தான். அதில் வரும் ஆணிகளைப் பலகையில் செருகுவதையே தெரபியில் பழக்கிவிட்டு, 'மார்க் ஏறிவிட்டது பாருங்கள்' என்று காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். பட்டன் போட வந்ததா என்று கேளுங்கள்.

இனி தெரபிகள். பெயர் எத்தனை இருந்தாலும் அடிப்படையில் இரண்டே குடும்பங்கள். ஒன்று, தடுமாற்றத்துக்குக் கீழே ஏதோ வேர் இருக்கிறது, அந்த வேரைச் சரிசெய்தால் மேலே இருப்பதெல்லாம் தானாகச் சரியாகும் என்று நம்புவது. மற்றது, எந்த வேலை வரவில்லையோ அந்த வேலையையே கற்றுக்கொடுப்பது.

முதல் குடும்பத்தில் பிரபலமானது சென்சரி இன்டெக்ரேஷன். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏர்ஸ் உருவாக்கியது, 1972-ல் அவருடைய முக்கியமான நூல் வெளிவந்தது. உடலின் சமநிலை உணர்வு, மூட்டு தசைகளிலிருந்து வரும் உணர்வு, தொடு உணர்வு இவற்றை மூளை சரியாகக் கோத்துக்கொள்ளாததால்தான் அசைவு தடுமாறுகிறது என்பது அவர் வாதம். ஊஞ்சல், ஸ்கூட்டர் பலகை, ஏறி இறங்கும் சாமான்கள் வழியாக அந்தக் கோர்வையைச் சரிசெய்ய முயல்கிறது. கேட்கும்போது மிக நியாயமாகப் படுகிறது. குழந்தைக்கும் பிடிக்கும், சிரித்துக்கொண்டே வருவான். பெற்றோருக்கும் ஏதோ ஆழமாக வேலை நடக்கிறது என்ற நிறைவு. எனக்கும் அந்த நிறைவு இருந்தது. ஆறு மாதம் கழித்து, ஊஞ்சலில் நன்றாக ஆடுகிற குழந்தை அதே பழைய வேகத்தில் பட்டன் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்வரை.

அசைவுத் திறன் கற்பதில் இது ஒன்றும் வியப்பில்லை. நீங்கள் டைப் அடிக்கப் பழகினால் வீணை வாசிக்க வந்துவிடாது, இரண்டும் விரல் வேலைதான் என்றாலும். ஒரு திறன் இன்னொன்றுக்குத் தானாகக் கசிவது மிகக் குறைவு. 2013-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுவது) இரண்டு குடும்பங்களையும் ஒப்பிட்டபோது, வேலையையே பழக்கும் முறைகளில் பலன் வலுவாகவும், வேரைத் தேடும் முறைகளில் பலவீனமாகவும் இருந்தது. 2019-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட டி.சி.டி. பரிந்துரைகளும் அன்றாடச் செயலையும் பங்கேற்பையும் குறிவைக்கும் தெரபியைத்தான் முன்னிறுத்துகின்றன.

இதை எழுதிவிட்டு எதிர்ப்பக்கத்தை மறைத்தால் நியாயமில்லை. 2017-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, வேலையைப் பழக்கும் முறைகளைப் பற்றி வந்த ஆய்வுகளைக் கறாராகச் சலித்துப் பார்த்தது. பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள், தரமும் போதாது, ஆகவே பலனை உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. எனவே, எல்லாருக்கும் வேலை செய்யும் என்று நானும் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் இரண்டில் எது என்றால், சான்று குறைவாக இருக்கும் வழியை விட்டு, சற்றாவது கூடுதலாக இருக்கும் வழியில் போவதுதானே முறை? பையனுக்குச் சத்தம், துணியின் உரசல், கூட்டம் போன்றவை தாங்க முடியாத தொல்லையாக இருந்தால் அதற்காக உணர்வு சார்ந்த உதவி தனியாகத் தேவைப்படலாம். அது வேறு கணக்கு. ஊஞ்சலை விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள், தவறே இல்லை. பிரஷ் தேய்ப்பதற்கும் எடை கூட்டிய மேலாடைக்கும் மட்டும் இந்தச் சிக்கலுக்கென்று பணம் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

வேலையையே பழக்கும் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கோ-ஆப் என்கிற முறை. கனடாவில் ஹெலன் போலடாய்கோ, ஏஞ்சலா மாண்டிச் என்ற இரண்டு ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் உருவாக்கியது. இதில் எதைக் கற்பது என்று குழந்தைதான் தேர்வு செய்கிறது, வழக்கமாக மூன்று இலக்குகள். பத்து செஷன்கள் அளவில் முடிந்துவிடும். நடுவில் இருப்பது நான்கே சொற்கள்: இலக்கு, திட்டம், செய், சரிபார்.

எப்படி நடக்கும் என்று ஒரு காட்சியாகச் சொன்னால் புரியும். பையன் பட்டனைத் தேர்வு செய்தான் என்று வைத்துக்கொள்வோம். 'இலக்கு என்ன?' 'பட்டன் போடணும்.' 'திட்டம் என்ன?' 'தெரியல.' 'சரி, ஒரு தடவை போட்டுப் பார்.' போடுகிறான், நழுவுகிறது. இங்கே நம் கை பரபரக்கும், 'இப்படிப் பிடி' என்று சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. 'எந்த இடத்தில் நழுவிச்சு?' என்று கேட்க வேண்டும். 'ஓட்டைக்குள்ள போயிடுச்சு, அந்தப் பக்கம் வரல.' 'அந்தப் பக்கம் வரவைக்க எந்தக் கை சும்மா இருக்கு?' பையன் யோசிக்கிறான். 'இந்தக் கை.' 'அது என்ன பண்ணலாம்?' 'இழுக்கலாம்.' அவ்வளவுதான், திட்டம் வந்துவிட்டது: ஒரு கை தள்ளுகிறது, மறு கை இழுக்கிறது. 'தள்ளு, இழு' என்று அவனே பெயர் வைத்துக்கொள்வான். செய்து பார்க்கிறான், பாதி வருகிறது. 'திட்டம் வேலை செஞ்சுதா?' இதுதான் சரிபார்ப்பது. வேலை செய்யவில்லை என்றால் மாறுவது திட்டம், பையன் மேல் பழி விழுவதில்லை. தனக்கு 'வராது' என்று முடிவு கட்டிவிட்ட குழந்தைக்கு இது பெரிய ஆசுவாசம்.

விடையைச் சொல்லித்தருவதைவிட இது மெதுவானது, உண்மைதான். முதல் செஷனில் பெற்றோர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, 'அதைச் சொல்லிக்கொடுத்துத் தொலைத்தால் என்ன' என்று நினைப்பது எனக்கே கேட்கும். ஆனால் தானே கண்டுபிடித்த திட்டம் மறப்பதில்லை. பட்டனில் கற்ற 'எங்கே நழுவுகிறது என்று பார்' என்கிற பழக்கத்தை ஜிப்புக்கும் லேஸுக்கும் அவனே எடுத்துப்போக வேண்டும் என்பதுதான் இந்த முறையின் நோக்கம். முன்னால் சொன்னேன் அல்லவா, திறன் கசியாது என்று? விரல் அசைவு கசியாது. யோசிக்கும் முறையைத்தான் எடுத்துப்போகப் பழக்குகிறோம். இதற்குப் பேசிப் புரிந்துகொள்ளும் வயதும், கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கும் பொறுமையும், 'எனக்கு இது வேண்டும்' என்ற ஆசையும் தேவை. உங்கள் பையன் வாயாடி என்கிறீர்கள், பொருந்தும் என்றே நினைக்கிறேன். நான்கு வயதுக் குழந்தைக்கோ மொழி பின்தங்கிய குழந்தைக்கோ நான் இதில் ஆரம்பிக்கமாட்டேன்.

அவர்களுக்கு ஏற்றது நெதர்லாந்தில் பிசியோதெரபிஸ்டுகள் வளர்த்தெடுத்த நியூரோமோட்டார் டாஸ்க் டிரெய்னிங் மாதிரியான வழி. இங்கே யோசிப்பது பெரும்பாலும் தெரபிஸ்டின் வேலை. குழந்தை எங்கே சறுக்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் எளிதாக்கி, பிறகு படிப்படியாகக் கடினமாக்குவார். பந்து பிடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பலூனில் ஆரம்பிப்பது, அது மெதுவாக வரும், யோசிக்க நேரம் கிடைக்கும். அப்புறம் பெரிய மெத்தென்ற பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டி அனுப்புவது. அப்புறம் நேரே மார்புக்கு. அப்புறம் சற்று இடம் வலமாக. கடைசியில் நடந்துகொண்டே. ஒவ்வொரு படியிலும் பத்துக்கு ஏழெட்டு தடவை வெற்றி கிடைக்கிற மாதிரி வைத்துக்கொண்டால் குழந்தை சலிக்காது. இந்த விகிதம் என் அனுபவக் கணக்கு, சூத்திரம் இல்லை. 'முழங்கையை மடக்கு, விரலை விரி' என்று உடம்பைப் பற்றிச் சொல்வதைவிட 'பந்தின் கோடு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்' என்று வெளியே கவனத்தைத் திருப்புவது பொதுவாக அசைவைக் கற்பவர்களுக்கு உதவுகிறது. டி.சி.டி. குழந்தைகளில் இதன் முடிவுகள் அவ்வளவு தெளிவாக இல்லை, ஆகவே இரண்டையும் செய்து பார்த்து எது எடுபடுகிறதோ அதைப் பிடித்துக்கொள்வேன்.

கையெழுத்துக்கு வருவோம். பெற்றோர் என்னிடம் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான், அதிகம் நேரம் வீணாவதும் இதில்தான். களிமண் பிசைவது, கிளிப் அழுத்துவது, மணி கோப்பது என்று மாதக்கணக்கில் 'விரலுக்கு வலு' ஏற்றுவார்கள். எழுத்து அப்படியே இருக்கும். 2011-ல் கையெழுத்துத் தெரபிகளைப் பற்றி வந்த ஒரு தொகுப்பாய்வில், எழுதும் பயிற்சியே இல்லாத முறைகள் பலன் தரவில்லை. பயிற்சி இருந்தும் வாரத்துக்கு இரண்டு முறைக்குக் குறைவாகவோ மொத்தம் 20 தடவைக்குக் குறைவாகவோ இருந்தவையும் பலன் தரவில்லை. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். மாதம் இரண்டு செஷன் போய்விட்டு எழுத்து மாறவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

பென்சில் பிடிப்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதீர்கள். மூன்று விரல் பிடிப்புதான் சரி, மற்றதெல்லாம் தப்பு என்பது பழைய எண்ணம். மூன்று விரல், நான்கு விரல், கட்டைவிரல் குறுக்கே வரும் வகைகள் என நான்கு பிடிப்புகளில் வேகத்திலும் தெளிவிலும் வேறுபாடு இல்லை என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கை வலிக்கிறது, பென்சில் நழுவுகிறது என்றால் மாற்றலாம். பார்க்க அழகாக இல்லை என்பதற்காக ஏழரை வயதில் ஊறிவிட்ட பிடிப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். அதைவிட, கால் தரையில் படுகிறதா என்று பாருங்கள். கால் தொங்கிக்கொண்டிருந்தால் விழாமல் உட்காரவே பாதிக் கவனம் போய்விடும். எட்டாவிட்டால் காலுக்கு அடியில் ஒரு பெட்டி வையுங்கள். மேசை முழங்கை உயரத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும்.

பயிற்சியில் ஒரு நேரத்தில் ஒரே எழுத்துக் கூட்டம், ஒரே மாதிரி ஆரம்பிக்கிற எழுத்துகள். புள்ளிக்கோட்டின் மேல் இழுத்துக்கொண்டே இருப்பதை நான் விரும்புவதில்லை, கோட்டைப் பின்தொடரத்தான் பழகுவான், எழுத்தின் வடிவத்தை நினைவிலிருந்து எடுக்கப் பழகமாட்டான். ஒரு தடவை பார், மூடு, எழுது, ஐந்து எழுதியதில் எது நன்றாக வந்தது என்று அவனே வட்டமிடட்டும். பத்து நிமிடம் போதும். இன்னொன்று, தெளிவா வேகமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் துரத்தினால் இரண்டும் கிடைக்காது. அப்புறம், பள்ளியில் பேசி கரும்பலகையைப் பார்த்து எழுதும் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள், தேர்வில் கூடுதல் நேரம் கேளுங்கள். எட்டு ஒன்பது வயதில் டைப்பிங்கும் முறையாகக் கற்றுக்கொடுங்கள். அதுவும் கை வேலைதான், அதற்கும் பயிற்சி வேண்டும், ஆனால் எழுத்துக்கு எழுத்து வடிவம் வரைய வேண்டியதில்லை என்பதே பெரிய மிச்சம். 'டைப்பிங் பழகினால் எழுதுவதை விட்டுவிடுவானே' என்று பயப்படுகிறார்கள். தலைக்குள் இருக்கும் கதை தாளில் வராமலேயே போவதைப் பற்றித்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

வீட்டில் செய்வதற்கு ஒரு நல்ல தந்திரம், வேலையைக் கடைசியிலிருந்து கற்றுக்கொடுப்பது. லேஸ் கட்டும்போது எல்லாவற்றையும் நீங்கள் கட்டி, இரண்டு வளையத்தையும் இழுத்து இறுக்கும் கடைசி இழுப்பை மட்டும் அவனிடம் விடுங்கள். முடித்தது அவன். அது கைவந்ததும் கடைசிக்கு முந்தைய படி. முதல் படியிலிருந்து ஆரம்பித்தால் ஒவ்வொரு முறையும் அவன் தோற்ற இடத்தில் நீங்கள் வாங்கி முடிப்பீர்கள், இதில் முடிப்பது எப்போதும் அவன்தான். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் பழக்காதீர்கள், விடுமுறை நாள் காலையிலோ சாயங்காலமோ வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் ஒட்டும் பட்டை வைத்த ஷூவும் எலாஸ்டிக் லேஸும் போடட்டும். அதைத் தோல்வி என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. காலை நேரச் சண்டை ஒன்று குறைகிறதே, அதுவே லாபம்.

சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறான் என்றால் பக்கச் சக்கரம் வேண்டாம், அது சாய்வதையும் திருத்துவதையும் கற்கவிடாது. பெடல்களைக் கழற்றி, இரண்டு பாதமும் தரையில் பதிகிற அளவுக்குச் சீட்டை இறக்கிவிடுங்கள். காலால் உந்தி உருண்டு போகட்டும். காலைத் தூக்கியே சில விநாடிகள் உருள வந்த பிறகு பெடலை மாட்டலாம்.

தசை வலு பற்றி இரண்டாவது மையம் சொன்னது முழுக்கத் தவறில்லை. இந்தக் குழந்தைகள் விளையாட்டிலிருந்து ஒதுங்கி ஒதுங்கி, உடல் தகுதி குறைந்து, எடை கூடி, அதனால் இன்னும் ஒதுங்குகிறார்கள். இது நன்றாகப் பதிவான விஷயம். ஆக உடற்பயிற்சி வேண்டும், ஆனால் பட்டனுக்கான மருந்தாக அல்ல, உடம்புக்காக. பந்தும் எதிரணியும் நொடிக்கு நொடி மாறும் ஆட்டங்கள் இவர்களுக்குக் கொடுமை. நீச்சல், ஓட்டம், சைக்கிள், மலையேற்றம், தற்காப்புக் கலை மாதிரி ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருகிற, தன் வேகத்தில் செய்யக்கூடியவை பரவாயில்லை. நீச்சல் வர மற்றவர்களைவிட நாளாகும், பயிற்சியாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அணி பிரிக்கும்போது கடைசியாகக் கூப்பிடப்படுவது எவ்வளவு அறுக்கும் என்று பெரியவர்கள் மறந்துவிடுகிறார்கள். டி.சி.டி. உள்ளவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாக இருப்பது தெரிந்ததே. வயிற்று வலி என்று அடிக்கடி பள்ளிக்குப் போக மறுத்தால், விளையாட்டுப் பீரியட் எந்த நாளில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டி.சி.டி.க்கு மாத்திரை கிடையாது. ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கவனக்குறைவு, மிகைச் செயல்பாடான ஏ.டி.எச்.டி.யும் கூடவே இருக்கிறது, அதற்கு மருத்துவர் மருந்து கொடுத்தால் பயிற்சியில் உட்காரும் பொறுமையும் கூடலாம். மீன் எண்ணெயை 2005-ல் இங்கிலாந்தில் 117 டி.சி.டி. குழந்தைகளிடம் சோதித்தார்கள். வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னேற்றம் தெரிந்தது, அசைவுத் திறனில் ஒன்றும் மாறவில்லை. டிவி முன் நின்று ஆடும் வீடியோ கேம்கள் அசைய வைப்பதற்கு நல்லவை, ஆனால் பெரும்பாலும் கேமில்தான் கெட்டிக்காரன் ஆவான். குழந்தைப் பருவ ரிஃப்ளெக்ஸ்களை, அதாவது கைக்குழந்தைக்குத் தானாக வரும் அசைவுகளை, 'அணைக்கிறோம்' என்று பேக்கேஜ் விற்பவர்களிடம் நான் என் குழந்தையை அனுப்பமாட்டேன்.

'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று உறவினர்கள் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் குழந்தைகளில் 50 முதல் 70 சதவீதம் பேருக்குப் பதின்வயதிலும் சிரமம் தொடர்கிறது. காத்திருப்பது நல்ல யோசனை இல்லை. அதற்காக வருடக்கணக்கில் தெரபி மையத்திலேயே குடியிருக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று இலக்குகளுக்கு இரண்டு மூன்று மாதம் நெருக்கமாகப் பயிற்சி, அப்புறம் இடைவெளி, புதிய தேவை வரும்போது மறுபடி. இப்படிப் போனவர்கள் களைப்பதில்லை. ஜியோமெட்ரி பாக்ஸ், வட்டம் போடும் கவராயம், ரசாயன ஆய்வகம், பிறகு சமையல், வண்டி ஓட்டுவது என்று வயதுக்கு வயது கைக்குப் புது வேலை வந்துகொண்டேதான் இருக்கும்.

எந்த மையத்துக்குப் போனாலும் இதைக் கேளுங்கள்: என் பையன் எந்த வேலையை, எவ்வளவு நாளில், எந்த அளவுக்குச் செய்வான் என்று எதிர்பார்க்கிறீர்கள்? நான் வீட்டில் என்ன செய்ய வேண்டும்? முன்னேற்றம் இல்லாவிட்டால் எப்போது வழியை மாற்றுவீர்கள்? 'ஒருங்கிணைப்பு மேம்படும், தன்னம்பிக்கை வளரும்' என்று பொதுவாகப் பதில் வந்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள். 'எட்டு வாரத்தில் சட்டையின் நான்கு பட்டன்களை உதவி இல்லாமல் ஐந்து நிமிடத்துக்குள் போடுவான்' என்று சொல்பவர், ஊஞ்சல் வைத்திருந்தாலும் சரி, அவரிடம் சேருங்கள்.

போவதற்கு முன்னால் இரண்டு வேலை. பையனிடம், கையால் செய்கிற எதுவாவது நாளைக்கே வந்துவிட்டால் எது வர வேண்டும் என்று கேளுங்கள். பட்டன் என்று சொல்லாமல், டிபன் டப்பாவை யாரிடமும் கொடுக்காமல் தானே திறக்க வேண்டும் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அதுதான் முதல் இலக்கு, பட்டன் இரண்டாவதாக இருக்கட்டும். அப்புறம், அவன் அந்த வேலையைச் செய்யும்போது, முகம் வேண்டாம், கைகள் மட்டும் தெரிகிற மாதிரி இரண்டு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே மாதிரி இன்னொன்று எடுத்து, இரண்டையும் அவனோடு உட்கார்ந்து பாருங்கள்.